ரத்தத்தில் சுற்றும் இம்யூன் காம்ப்ளெக்ஸ்: கண்டறியும் முறைகளும் எண்ணை வாசிக்கும் விதமும்

பாம்புக்கடிக்குப் பத்துக் குப்பி ஏ.எஸ்.வி. (விஷமுறிவு மருந்து) ஏற்றி, பிழைத்து வீட்டுக்குப் போனவர் ஏழெட்டு நாள் கழித்துத் திரும்பி வருகிறார். காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, மூட்டுக்கு மூட்டு வலி, நெறிகட்டு, சிறுநீரில் கொஞ்சம் புரதம். பாம்பு விஷம் எப்போதோ போய்விட்டது. இப்போது படுத்துவது மருந்தோடு உள்ளே போன குதிரைப் புரதம். அதற்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி செய்ய ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. ஆன்டிபாடி வந்து சேரும்போது குதிரைப் புரதம் இன்னும் ரத்தத்தில் மிச்சமிருந்தது. இரண்டும் கைகோத்துக் கொத்துக் கொத்தாகச் சுற்றி, ரத்தக்குழாய்ச் சுவரிலும் மூட்டிலும் சிறுநீரகத்திலும் போய்ப் படிந்தன. வியன்னாவில் ஃபான் பிர்கேயும் ஷிக்கும் 1905-ல் 'சீரம் நோய்' என்று விவரித்தது இதைத்தான்.

அந்தக் கொத்துதான் இம்யூன் காம்ப்ளெக்ஸ். இனி 'கூட்டு' என்றே சொல்வோம். அடுப்படிக் கூட்டோடு குழம்ப வாய்ப்பில்லை. ரத்தத்தில் சுற்றும் கூட்டுகளை அளக்கும் பரிசோதனைக்கு சி.ஐ.சி. (சர்குலேட்டிங் இம்யூன் காம்ப்ளெக்ஸ்) என்று பெயர். லேபில் இதைச் செய்கிறவர்களுக்கும், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன முடிவெடுப்பது என்று யோசிக்கிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

எந்தக் கூட்டு கெடுதல் செய்கிறது

கூட்டு உருவாவது நோயல்ல. ஒவ்வொரு சளிக்காய்ச்சலிலும் அது உருவாகிறது, உடனே துப்புரவாகிறது. துப்புரவு நடக்கும் வழி இது: காம்ப்ளிமென்ட் என்பது ஆன்டிபாடிக்குத் துணைபோகும் ரத்தப் புரதங்களின் குழு. அதில் ஒன்றான சி3பி கூட்டின் மேல் ஒட்டுகிறது. சிவப்பணுவின் மேலுள்ள சி.ஆர்.1 என்ற ஏற்பி அதைப் பிடித்துக் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் சுமந்து போகிறது. அங்கே உள்ள விழுங்கணுக்கள் கூட்டை மட்டும் உருவிக்கொண்டு சிவப்பணுவைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

கெடுதல் எங்கே தொடங்கும் என்பதை ஆன்டிஜனுக்கும் (ஆன்டிபாடி பிடிக்கும் பொருள்; மேலே சொன்னவரிடம் குதிரைப் புரதம்) ஆன்டிபாடிக்கும் இடையே உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால், அல்லது ஆன்டிபாடி மிகுந்திருந்தால், கூட்டு பெரிதாக வளரும். பெரியது சட்டென்று பிடிபட்டு அழியும். ஆன்டிஜன் மிக அதிகமாக இருந்தால் கூட்டு மிகச் சிறியது. அதற்குக் காம்ப்ளிமென்டைத் தூண்டும் வலு கிடையாது. ஆன்டிஜன் கொஞ்சமே கூடுதலாக இருக்கும் நிலைதான் ஆபத்து. அப்போது உருவாகும் நடுத்தர அளவுக் கூட்டு கரைந்த நிலையிலேயே நெடுநேரம் சுற்றும், காம்ப்ளிமென்டையும் தூண்டும். அழுத்தமும் வடிகட்டலும் மிகுந்த இடங்களில் அது தங்கும். சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமருலஸ், மூட்டுச் சவ்வு, தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் முதலில் அடிபடுவது இதனால்தான்.

ஏ.எஸ்.வி. நோயாளியிடம் இந்த விகிதம் நாளுக்கு நாள் நகர்கிறது. முதல் சில நாள் ஆன்டிஜன் மட்டும். ஒரு வாரம் ஆகும்போது ஆபத்தான ஜன்னல் திறக்கிறது. காம்ப்ளிமென்ட் சரிகிறது, கூட்டு அளவு ஏறுகிறது. அதன்பின் ஆன்டிபாடி மேலோங்கக் கூட்டு துடைக்கப்படுகிறது. ஆகவே ஐந்தாம் நாள் எடுத்த ரத்தமும் பத்தாம் நாள் எடுத்ததும் இருபதாம் நாள் எடுத்ததும் மூன்று வேறு பதில் சொல்லும். பாம்பு கடித்த தேதியையோ தொற்று தொடங்கிய தேதியையோ எழுதாமல் வரும் சாம்பிளின் ரிசல்ட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் ஒரு கேள்வி: இந்த டெஸ்ட் வேண்டுமா

லூபஸ் (உடம்பின் ஆன்டிபாடி உடம்பையே தாக்கும் நோய்) சந்தேகம் என்று சி.ஐ.சி. எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. லூபஸை வகைப்படுத்த ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் அமைப்புகள் 2019-ல் சேர்ந்து வெளியிட்ட அளவுகோலில் சி.ஐ.சி. இடம்பெறவே இல்லை. உள்ளே நுழைய ஏ.என்.ஏ. (செல் கருவுக்கு எதிரான ஆன்டிபாடி) 1:80 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதன்பின் ஆன்டி-டி.எஸ்.டி.என்.ஏ.வுக்கு (இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி) 6 புள்ளி. காம்ப்ளிமென்ட் புரதங்களான சி3, சி4 இரண்டில் ஒன்று குறைந்தால் 3, இரண்டும் குறைந்தால் 4. கையில் பணம் குறைவாக உள்ள நோயாளிக்கு முதலில் கேட்க வேண்டியது சி3, சி4, சிறுநீர்ப் பரிசோதனை, கிரியேட்டினின். சி.ஐ.சி. அந்த வரிசையில் பின்னால்தான் நிற்கிறது.

அதற்காக அது வீண் என்றில்லை. வாஸ்குலைட்டிஸ் (ரத்தக்குழாய் அழற்சி), சீரம் நோய், இதய வால்வுத் தொற்று, தொழுநோயின் இரண்டாம் வகை எதிர்வினை ஆகியவற்றில் கூட்டு உண்மையிலேயே சுற்றுகிறதா என்று பார்க்கவும், ஒரே நோயாளியை ஒரே லேபில் ஒரே முறையில் தொடர்ந்து கவனிக்கவும் உதவும். ஆராய்ச்சிக்கு இன்னும் அதிகம் உதவும், ஏனென்றால் கூட்டைப் பிரித்தெடுத்து அதற்குள் என்ன ஆன்டிஜன் இருக்கிறது என்று தேட முடியும்.

ரத்தம் எடுப்பதிலிருந்து உறையவைப்பது வரை

சி.ஐ.சி. ரிசல்ட் கெட்டுப்போனால் குற்றவாளியைப் பெரும்பாலும் எலைசா (குழித் தட்டில் நிறம் வரவைத்து அளக்கும் முறை) தட்டில் தேட வேண்டாம், டியூபில் தேடுங்கள்.

நோயாளி வெறும் வயிற்றில் வரட்டும். சாப்பிட்டவுடன் எடுத்த சீரம் கொழுப்பால் பால் போலக் கலங்கியிருக்கும். கலங்கலை அளக்கும் முறையில் அது நேராகப் பொய் எண்ணாக மாறும். ஒன்றும் கலக்காத டியூபில் 5 மி.லி. எடுக்கவும். ஹெப்பாரின் டியூப் கூடாது. கூட்டைப் பிடிக்க இரண்டாவது முறையில் நாம் பயன்படுத்தும் காம்ப்ளிமென்ட் புரதமான சி1க்யூவோடு ஹெப்பாரினே ஒட்டும். வேறு பிளாஸ்மாவும் சரிப்படாது. அதிலுள்ள ஃபைப்ரினோஜன், முதல் முறையில் சேர்க்கும் பி.இ.ஜி. ஊற்றியதும் வீழ்படிவாகிக் கூட்டைப் போல நடிக்கும்.

அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம் முழுதாக உறையவிட்டு, 1500 ஜி விசையில் 10 முதல் 15 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் செய்து, இரண்டு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். அவசரப்பட்டு அரைகுறையாக உறைந்த ரத்தத்தைச் சுற்றினால் ஃபைப்ரின் இழை சீரத்தில் தங்கிவிடும். ரத்தம் எடுத்த டியூபை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் இன்னொரு பொறி. குளிரில் வீழ்படிவாகும் கிரையோகுளோபுலின் இருந்தால் உறைகட்டியோடு அதுவும் அடியில் போய்விடும். கூட்டு நிறைந்த நோயாளிக்கு 'நார்மல்' என்று ரிப்போர்ட் போகும்.

பிரித்த சீரத்தை 0.3 முதல் 0.5 மி.லி. வீதம் சின்னக் குப்பிகளில் பங்கிட்டு மைனஸ் 70 டிகிரியில் வைக்கவும். ஒரு குப்பி, ஒரே ஒரு முறை உருகல். உறைந்து உருகி மறுபடி உறைந்த சீரத்தில் ஐ.ஜி.ஜி. (ரத்தத்தின் முக்கிய ஆன்டிபாடி வகை) தானாகவே திரண்டுவிடும், டெஸ்ட் அதற்கும் உண்மையான கூட்டுக்கும் வித்தியாசம் காணாது. தானே பனி நீக்கிக்கொள்ளும் வீட்டு ஃபிரீசர் இதனால்தான் ஆகாது.

காம்ப்ளிமென்டைச் செயலிழக்கச் செய்ய சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவது பல டெஸ்டுகளில் வழக்கம். இங்கே அதைச் செய்யவே கூடாது. சூட்டில் ஐ.ஜி.ஜி. திரளும். இந்த டெஸ்டின் பாசிட்டிவ் ஸ்டாண்டர்டையே ஐ.ஜி.ஜி.யைச் சூடாக்கித்தான் செய்கிறோம் என்பதை நினைவில் வைத்தால் மறக்காது.

நோயாளிக்குச் சமீபத்தில் ஐ.வி.ஐ.ஜி. (ரத்தநாளம் வழி ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) ஏற்றியிருந்தால் படிவத்தில் குறிக்கவும். ஏற்றிய ஐ.ஜி.ஜி.யில் உள்ள திரள்களும் எண்ணைக் கூட்டிக் காட்டும்.

முறை ஒன்று: பி.இ.ஜி. வீழ்படிவு

பி.இ.ஜி. 6000 என்பது தண்ணீரில் கரையும் நீண்ட சங்கிலிப் பாலிமர். கரைசலில் இடத்தை அடைத்துக்கொண்டு, பெரிய புரதங்களை ஒன்றோடொன்று நெருக்கி வெளியே தள்ளும். எவ்வளவு பெரிதோ அவ்வளவு குறைந்த செறிவிலேயே வீழும். 2 சதவீதத்தில் மிகப் பெரிய கூட்டு மட்டும் விழும். 3 முதல் 4 சதவீதத்தில் நடுத்தரக் கூட்டும் சேரும். 5 சதவீதத்தைத் தாண்டினால் தனி ஐ.ஜி.ஜி.யும் விழத் தொடங்கும். கீழே உள்ள கணக்கில் இறுதிச் செறிவு 3.75 சதவீதம்.

தேவையானவை: 0.1 மோலார் போரேட் பஃபர், பி.ஹெச். 8.4. லிட்டருக்கு 6.18 கிராம் போரிக் அமிலம் எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் பி.ஹெச். சரிசெய்து, பிறகு அளவை நிரப்பவும். அந்த பஃபரில் 4.166 சதவீத பி.இ.ஜி. 6000, அதாவது 100 மி.லி.க்கு 4.166 கிராம். இரண்டையும் 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டவும். தூசியும் கலங்கல்தான்.

1. சீரத்தை 37 டிகிரி வாட்டர் பாத்தில் உருக்கி, குப்பியை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, ஒரு சின்ன சுற்று சென்ட்ரிஃப்யூஜ் செய்து மேல் தெளிவை எடுக்கவும்.
2. 0.3 மி.லி. சீரத்தோடு 0.6 மி.லி. போரேட் பஃபர். இது 1:3 நீர்ப்பு.
3. நான்கு டியூப். முதல் இரண்டில் 1.8 மி.லி. பி.இ.ஜி. கரைசல், மற்ற இரண்டில் 1.8 மி.லி. வெறும் பஃபர். ஒவ்வொன்றிலும் 0.2 மி.லி. நீர்த்த சீரம்.
4. மூன்று நான்கு முறை கவிழ்த்துக் கலக்கவும். வோர்டெக்ஸில் வேகமாக ஆட்டினால் நுரை வரும், தளர்ந்த கூட்டும் உடையும்.
5. 25 டிகிரியில் சரியாக 60 நிமிடம்.
6. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 450 நானோமீட்டரில் அளக்கவும். படிவு அடியில் தங்கியிருக்கும். குவெட்டில் ஊற்றுமுன் ஒருமுறை கவிழ்க்கவும்.
7. பி.இ.ஜி. டியூப் சராசரியிலிருந்து பஃபர் டியூப் சராசரியைக் கழித்து 1000-ஆல் பெருக்கவும். 0.182-லிருந்து 0.041 போனால் 0.141, ரிசல்ட் 141 அலகு.

பஃபர் டியூபை மிச்சம் பிடிக்க வேண்டாம். சீரத்தின் சொந்தக் கலங்கல், மஞ்சள் நிறம், சிவப்பணு உடைந்த சாயம் எல்லாவற்றையும் கழிப்பது அதுதான். பஃபர் டியூபே 0.1-ஐத் தாண்டினால் சாம்பிளைத் திருப்பி அனுப்புவது நல்லது.

பி.இ.ஜி. கரைசல் கெட்டியானது. பிப்பெட்டில் வேகமாக இழுத்தால் குறைவாக ஏறும், வேகமாகத் தள்ளினால் சுவரில் ஒட்டி நிற்கும், 3.75 என்று நினைத்தது குறைந்துவிடும். முனையை முதலில் ஒருமுறை கரைசலில் நனைத்து, மெதுவாக எடுத்து, மெதுவாக விடவும். அடுத்த தவறு நேரம். கலங்கல் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். முதல் சாம்பிளை 60-ஆம் நிமிடத்திலும் நாற்பதாவது சாம்பிளை 95-ஆம் நிமிடத்திலும் வாசித்தால் கடைசியில் உள்ளவர்களெல்லாம் நோயாளி ஆகிவிடுவார்கள். 30 விநாடி இடைவெளி விட்டுச் சீரம் சேர்த்து, அதே இடைவெளியில் வாசிக்க வேண்டும். மூன்றாவது, அறை வெப்பம். சென்னையில் மே மாதம் ஏ.சி. நின்றுபோன அறையில் 'அறை வெப்பம்' என்பது 25 அல்ல. வாட்டர் பாத் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையின் பெரிய பலவீனம், அது கூட்டை அடையாளம் காண்பதில்லை, பருமனை மட்டும் காண்கிறது என்பது. ஐ.ஜி.ஜி. மொத்தமாக ஏறியிருக்கும் ஈரல் சுருக்கம், கருங்காய்ச்சல், மைலோமா போன்றவற்றில் கூட்டே இல்லாமலும் எண் எகிறும். சந்தேகம் வந்தால் வீழ்படிவைப் பிரித்துப் பாருங்கள்: அதே பி.இ.ஜி. செறிவில் 4 டிகிரியில் இரவு முழுதும் வைத்து, 2000 ஜி விசையில் 30 நிமிடம் குளிரிலேயே சுற்றி, மேல் நீரை வடித்து, 3.75 சதவீத பி.இ.ஜி. கரைசலாலேயே இரண்டு முறை கழுவி, 37 டிகிரி பி.பி.எஸ்.-ல் (உப்பு கலந்த பாஸ்பேட் பஃபர்) கரைத்து, அதில் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஏ., சி3 அளவிடவும். வெறும் பஃபரால் கழுவினால் கழுவும்போதே கூட்டு கரைந்து போய்விடும். ஐ.ஜி.ஜி.யோடு சி3-யும் கணிசமாக இருந்தால் கூட்டு என்று நம்பக் காரணம் உண்டு.

முறை இரண்டு: சி1க்யூ எலைசா

சி1க்யூ பூங்கொத்து போன்ற புரதம். கொல்லாஜன் போன்ற ஆறு காம்பு, நுனியில் ஆறு உருண்டைத் தலை. ஒற்றை ஐ.ஜி.ஜி.யை அது மிக இலேசாகத்தான் தொடும். பல ஐ.ஜி.ஜி. அருகருகே நிற்கும் கூட்டில் பல தலைகள் ஒரே நேரம் பிடித்துக்கொள்வதால் பிடி இறுகும். அந்த வேறுபாட்டின் மேல்தான் இந்த டெஸ்ட் நிற்கிறது.

ஸ்டாண்டர்டை முதலில் தயார் செய்வோம். தூய மனித ஐ.ஜி.ஜி.யை பி.பி.எஸ்.-ல் மி.லி.க்கு 10 மி.கி. என்று கரைத்து, 63 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, உடனே ஐஸில் குளிர்வித்து, 1500 ஜி விசையில் 15 நிமிடம் சுற்றி, அடியில் விழுந்த கட்டியைத் தள்ளிவிட்டு மேல் தெளிவைப் பங்கிட்டு மைனஸ் 70-ல் வைக்கவும். சுற்றிய பிறகு புரத அளவை மறுபடி பார்க்க வேண்டும், 10 மி.கி. என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. ஸ்டாண்டர்டு நீர்ப்புகளைக் கூட்டில்லாத நார்மல் சீரத்தில் போடவும். வெறும் பஃபரில் போட்டால் வளைவு உயர்ந்து, நோயாளி எண்கள் எல்லாம் தாழ்ந்து வரும்.

1. சி1க்யூவை பி.ஹெச். 9.6 கார்பனேட் பஃபரில் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் ஆக்கி, குழிக்கு 100 மைக்ரோலிட்டர், 4 டிகிரியில் இரவு முழுதும்.
2. 0.05 சதவீத ட்வீன் 20 கலந்த பி.பி.எஸ்.-ஆல் மூன்று கழுவல்.
3. 1 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின்), குழிக்கு 200 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு கழுவல்.
4. 50 மைக்ரோலிட்டர் சீரம், 100 மைக்ரோலிட்டர் 0.2 மோலார் ஈ.டி.டி.ஏ. (பி.ஹெச். 7.5), 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு ஐஸ். அதோடு 2.35 மி.லி. பி.பி.எஸ்.-ட்வீன் சேர்த்தால் மொத்தம் 1:50.
5. இரட்டைக் குழிகளில் 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். ஐந்து கழுவல்.
6. பெராக்சிடேஸ் இணைத்த, எஃப்.சி. பகுதியை மட்டும் பிடிக்கும் ஆன்டி-மனித ஐ.ஜி.ஜி. நீர்ப்பைப் புட்டிக்குப் புட்டி சோதித்து முடிவு செய்யவும். 37 டிகிரியில் 30 நிமிடம், ஐந்து கழுவல்.
7. டி.எம்.பி. (நிறம் தரும் கரைசல்) 100 மைக்ரோலிட்டர், இருட்டில் 10 முதல் 15 நிமிடம். கந்தக அமிலத்தால் நிறுத்தி 450 நானோமீட்டரில் வாசிக்கவும்.
8. ஸ்டாண்டர்டு வளைவிலிருந்து மி.லி.க்கு எத்தனை மைக்ரோகிராம் இணை என்று எடுக்கவும். இரட்டைக் குழிகள் 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் திரும்பச் செய்யவும்.

நாலாவது படியில் ஈ.டி.டி.ஏ. எதற்கு? நோயாளியின் சொந்த சி1 கால்சியத்தால் கட்டுண்ட ஒரு தொகுப்பு. அது கூட்டின் மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் தட்டிலுள்ள சி1க்யூவுக்கு இடமில்லை. ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பறித்து அந்தத் தொகுப்பைக் குலைக்கிறது. டெஸ்ட் நடக்கும்போது காம்ப்ளிமென்ட் புதிதாகத் தூண்டப்படாமலும் தடுக்கிறது. இந்தப் படியைத் தாண்டும் லேபில் சாம்பிள் வைத்த நேரத்தைப் பொறுத்து எண் ஆடும்.

இந்த டெஸ்டில் மிகப் பெரிய பொய் பாசிட்டிவ், அது மிகவும் தேவைப்படும் நோயிலேயே வருகிறது. லூபஸ் நோயாளிகள் பலரிடமும், காம்ப்ளிமென்ட் குறைந்த ஊர்டிகேரியா வாஸ்குலைட்டிஸ் உள்ளவர்களிடமும் சி1க்யூவுக்கே எதிரான ஆன்டிபாடி இருக்கும். தட்டில் பூசிய சி1க்யூவை அது நேராகப் பிடிக்கும். கூட்டு என்று நாம் எண்ணிக்கொள்வோம். பிரிக்க வழி உண்டு. கூட்டு பிடிப்பது உருண்டைத் தலையை. அந்தப் பிடி உப்பில் தளரும். ஆன்டி-சி1க்யூ பிடிப்பது காம்பை, உப்புக்கு அசையாது. அதே சாம்பிளை 1 மோலார் உப்பு கலந்த பஃபரில் (லிட்டருக்கு 58.4 கிராம் சோடியம் குளோரைடு) நீர்த்து இணையாக ஒரு குழியில் போடுங்கள். எண் விழுந்தால் கூட்டு. விழாமல் நின்றால் ஆன்டி-சி1க்யூ. அதற்கும் மதிப்பு உண்டு: ஆன்டி-சி1க்யூ ஏறுவது லூபஸ் நெஃப்ரைட்டிஸோடு (லூபஸ் தரும் சிறுநீரக அழற்சி) சேர்ந்து வரும் சங்கதி. கூட்டு என்று எழுதாமல் அதன் பெயரிலேயே எழுத வேண்டும்.

தனித்து நிற்கும் டி.என்.ஏ., பாக்டீரியா எண்டோடாக்சின், சி.ஆர்.பி. (அழற்சியில் ஏறும் புரதம்) ஆகியவையும் சி1க்யூவை ஒட்டும். ஐ.ஜி.ஏ. மட்டும் உள்ள கூட்டையோ இந்த டெஸ்ட் பார்க்கவே பார்க்காது, ஐ.ஜி.ஏ. சி1க்யூவைப் பிடிப்பதில்லை. ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதியில் 'சி.ஐ.சி. நார்மல்' என்று வந்தால் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

வாங்கிய கிட் என்றால் தட்டில் சி1க்யூ பூசும் வேலை இல்லை. ஆனால் கிட்டின் எல்லை எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் ஊர் ஆரோக்கியமானவர்கள் 20 பேரிடம் சரிபார்த்த பிறகே பயன்படுத்தவும். சொந்தமாக எல்லை வகுக்க வேண்டுமென்றால் 120 பேர் தேவை. இந்த எண்கள் ஒரு பக்கம் சாய்ந்து பரவுவதால் சராசரியும் இரண்டு எஸ்.டி.யும் என்று போடாமல் 95-ஆம் சதமானத்தை எடுப்பது நேர்மையானது.

மற்ற முறைகள், சுருக்கமாக

ராஜி செல் முறை ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. 1963-ல் நைஜீரியச் சிறுவன் ஒருவனின் பர்கிட் லிம்ஃபோமாக் கட்டியிலிருந்து வளர்த்த செல் வரிசை அது. சி3 துண்டுகளைப் பிடிக்கும் ஏற்பி அதன் மேல் நிறைய உண்டு. லூபஸ் சீரத்தில் லிம்ஃபோசைட்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அது செல்லையே பிடித்துப் பொய் பாசிட்டிவ் தரும். இப்போது பெரும்பாலும் சி3 துண்டைப் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடி பூசிய எலைசா அதன் இடத்துக்கு வந்துவிட்டது. மாட்டுச் சீரத்திலிருந்து எடுக்கும் கான்குளுட்டினின் முறையும் சி3 துண்டைத்தான் தேடுகிறது. அதற்குக் கால்சியம் வேண்டும். சி1க்யூ டெஸ்டுக்காக ஈ.டி.டி.ஏ. கலந்த சாம்பிளை மறந்துபோய் அங்கே போட்டால் எல்லாரும் நெகட்டிவ்.

உலக சுகாதார அமைப்பு 18 முறைகளை ஒரே சாம்பிள்களில் ஒப்பிட்ட கூட்டாய்வு 1978-ல் வந்தது. ஒவ்வொரு முறையும் கூட்டின் வேறொரு குணத்தைப் பிடிப்பதால் எந்த ஒரு முறையும் எல்லாக் கூட்டையும் பிடிப்பதில்லை. வெவ்வேறு அடிப்படை உள்ள இரண்டையாவது சேர்த்துச் செய்யுங்கள்: சி1க்யூ ஒன்று, சி3 துண்டு ஒன்று. இரண்டு சி1க்யூ கிட்டுகளை வாங்கிச் செய்வது இரண்டு முறை ஆகாது.

கிரையோகுளோபுலின்: சூடான பாதை

குளிரில் வீழ்ந்து சூட்டில் கரையும் கூட்டு இது. ஹெபடைட்டிஸ் சி உள்ளவருக்குக் காலில் ஊதாப் புள்ளிகள், நரம்பு எரிச்சல், சிறுநீரில் ரத்தம் என்று வந்தால் சி.ஐ.சி.யை விட இது முக்கியம். சிரிஞ்ச், டியூப் எல்லாம் முன்பே 37 டிகிரியில் சூடாக இருக்க வேண்டும். 10 முதல் 20 மி.லி. ரத்தம் எடுத்து, 37 டிகிரியிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் உறையவிட்டு, சூடான சென்ட்ரிஃப்யூஜில் பிரித்து, அதன்பின்தான் சீரத்தை 4 டிகிரியில் வைக்க வேண்டும். கிரையோகுளோபுலினின் மூன்று வகைகளில் முதல் இரண்டு சில நாளில் தெரியும். மூன்றாவது வகைக்கு 7 நாள் வரை காத்திருக்கவும். வீழ்படிவு தெரிந்தால் ஒரு பங்கை 37 டிகிரிக்குத் திருப்பி, கரைகிறதா என்று பாருங்கள். கரையாதது ஃபைப்ரினாகவோ பூஞ்சையாகவோ இருக்கும். வார்டில் எடுத்த டியூபைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து வருவது 37 டிகிரி ஆகாது. 37 டிகிரி தண்ணீர் ஊற்றிய தெர்மாஸ் ஃப்ளாஸ்க் ஆகும்.

எண் வந்தாயிற்று, என்ன சொல்வது

சி3, சி4 பக்கத்தில் இல்லாமல் சி.ஐ.சி.யை வாசிக்க வேண்டாம். வழக்கமாக சி3 டெசிலிட்டருக்கு 90 முதல் 180 மி.கி., சி4 10 முதல் 40 மி.கி.; உங்கள் லேபின் எல்லை சற்று மாறலாம்.

கூட்டு அதிகம், சி3-யும் சி4-ம் குறைவு: கூட்டு காம்ப்ளிமென்டைத் தின்றுகொண்டிருக்கிறது. லூபஸ், வால்வுத் தொற்று, சீரம் நோய் இந்த வரிசை. லூபஸ் நோயாளியிடம் இதோடு ஆன்டி-டி.எஸ்.டி.என்.ஏ.யும் ஏறி, சிறுநீரில் புரதமோ சிவப்பணு வார்ப்போ வந்தால் அடுத்த அடி சிறுநீரக பயாப்ஸி, இன்னொரு சி.ஐ.சி. அல்ல.

சி3 மட்டும் குறைவு, சி4 நார்மல்: தொண்டை அழற்சி வந்து ஒன்று முதல் மூன்று வாரம், அல்லது தோல் புண் வந்து மூன்று முதல் ஆறு வாரம் கழித்துக் கலங்கிய கோலா நிறச் சிறுநீரோடு குழந்தை வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பிந்தைய நெஃப்ரைட்டிஸ். சி3 ஆறு முதல் எட்டு வாரத்தில் ஏறிவிடும். அதன்பிறகும் ஏறவில்லை என்றால் நோய் வேறு. பயாப்ஸி பற்றிப் பேச வேண்டும். சி4 தரைமட்டமாகி சி3 ஓரளவு தாக்குப்பிடித்தால் கிரையோகுளோபுலினைத் தேடுங்கள்.

கூட்டு அதிகம், காம்ப்ளிமென்ட் நார்மல், நோயாளிக்கு ஒன்றுமில்லை: பெரும்பாலும் சமீபத்திய வைரஸ் காய்ச்சல், அல்லது சாம்பிள் கோளாறு. நான்கு வாரம் கழித்துப் புதிய சாம்பிளில் பாருங்கள். ஸ்டீராய்டு தொடங்க இந்த எண் காரணமாகாது.

கூட்டு நார்மல், காம்ப்ளிமென்ட் குறைவு: இதுதான் ஏமாற்றுவது. கூட்டு ரத்தத்தில் சுற்றாமல் திசுவில் தங்கிவிட்டிருக்கலாம். திசுவிலேயே உருவாகியும் இருக்கலாம். மெம்பிரேனஸ் நெஃப்ரோபதியில் அப்படித்தான்: குளோமருலஸின் போடோசைட் செல்லிலுள்ள பி.எல்.ஏ.2.ஆர். என்ற புரதத்தை ஆன்டிபாடி தேடிப்போய்ப் பிடிக்கிறது என்று 2009-ல் தெரியவந்தது; கூட்டு அங்கேயே உருவாகிறது, ரத்தத்தில் வலைவீசிப் பயனில்லை. அங்கே காம்ப்ளிமென்ட் அளவும் நார்மலாகவே இருக்கும் என்பதால் இரண்டு எண்களும் சேர்ந்து கையை விரித்துவிடும். ஈரல் செயலிழப்பும் பிறவியிலேயே சி4 குறைபாடும் கூட்டே இல்லாமல் காம்ப்ளிமென்டைக் குறைத்துக் காட்டும்.

சுற்றுவதை அளக்கிறோம்; நோய் செய்வது தங்கியது. தங்கியதைக் காட்டுவது இம்யூனோஃபுளோரசென்ஸ். அதற்கான பயாப்ஸித் துண்டை ஃபார்மலினில் போட்டால் வாய்ப்பு போயிற்று. மைக்கேல்ஸ் கரைசலில் அனுப்ப வேண்டும். ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம்., சி3, சி1க்யூ ஐந்தும் ஒளிர்ந்தால் 'ஃபுல் ஹவுஸ்' என்பார்கள். லூபஸை அது பலமாகச் சுட்டும்.

தொழுநோயில் இரண்டாம் வகை எதிர்வினை, பாக்டீரியாச் சுமை மிகுந்தவர்களுக்குச் சிகிச்சையின் நடுவிலோ முடிந்த பிறகோ வரும். செத்த கிருமியிலிருந்து கொட்டும் ஆன்டிஜன் ஆன்டிபாடியைச் சந்திக்க, வலிக்கும் சிவந்த முண்டுகளும் காய்ச்சலும் நரம்பு வலியும் கிளம்பும். இங்கே முடிவெடுப்பது கண்ணும் கையும்தான். சி.ஐ.சி.க்காகக் காத்திருந்து நரம்பு போய்விடக் கூடாது. வால்வுத் தொற்றில் மட்டும் இந்த எண்ணுக்கு ஒரு தொடர்கதை மதிப்பு உண்டு. ஆன்டிபயாடிக் வேலை செய்தால் கூட்டு குறைந்து வரும், இரண்டு மூன்று வாரமாகியும் குறையவில்லை என்றால் சீழ்க்கட்டி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடத் தூண்டும்.

முடக்குவாதத்தில் கூட்டு முக்கியமாக மூட்டு நீரில். ரத்த எண் நோயின் ஏற்றத்தாழ்வோடு ஒத்துப்போவதில்லை. அதை மாதாமாதம் பார்ப்பது செலவு.

கூட்டு ஆன்டிஜனை மறைக்கும்போது

கூட்டு உருவானால் இன்னொரு டெஸ்ட் பொய் சொல்லும் என்பது அதிகம் பேசப்படாத விஷயம். டெங்கு இரண்டாம் முறை வருபவருக்குப் பழைய ஆன்டிபாடி சட்டென்று ஏறி, டெங்கு டெஸ்ட் தேடும் வைரஸ் புரதமான என்.எஸ்.1-ஐக் கட்டிப்போட்டுவிடும். டெஸ்ட் பட்டையிலுள்ள ஆன்டிபாடிக்கு ஒட்ட இடமில்லை. காய்ச்சலின் நாலாவது ஐந்தாவது நாளில் 'என்.எஸ்.1 நெகட்டிவ்' என்று வரும். ஆராய்ச்சி லேபில் சீரத்தை அமிலத்தால் சில நிமிடம் குலைத்து, நடுநிலையாக்கி, உடனே மறுபடி சோதித்தால் மறைந்திருந்தது வெளியே வரும். வார்டில் அதைச் செய்ய வழியில்லை. பிளேட்லெட்டும் ஹெமடோகிரிட்டும் டெங்கு என்றால், என்.எஸ்.1 நெகட்டிவை வைத்து வீட்டுக்கு அனுப்பாமல் ஐ.ஜி.எம்.-ஐயும் ஐ.ஜி.ஜி.யையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் எழுத வேண்டியவை

முறையின் பெயர், அலகு, அந்த லேபின் எல்லை, சாம்பிள் எடுத்த தேதியும் நேரமும், பிரிக்க எடுத்த நேரம், எத்தனை முறை உருகியது. உப்புக் குழியில் என்ன வந்தது என்று தனி வரி. பி.இ.ஜி. அலகையும் மைக்ரோகிராம் இணையையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற வாய்பாடு கிடையாது. வேறு லேபின் பழைய எண்ணோடு ஒப்பிட்டு 'குறைந்துள்ளது' என்று எழுதக் கூடாது. தொடர் கவனிப்பு என்றால் பழைய சாம்பிளின் ஒரு குப்பியை மைனஸ் 70-லிருந்து எடுத்துப் புதியதோடு அதே தட்டில் ஓட்டுங்கள். இரண்டு எண்ணும் ஒரே நாள், ஒரே கை, ஒரே சி1க்யூ புட்டி.